மருந்துக்கு மசியாத மெலனோமாவுக்குக் கரண்ட் வைத்தால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "என் சித்தப்பாவுக்கு 61 வயது. உள்ளங்காலில் வந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நுரையீரலுக்கும் இடுப்பு எலும்புக்கும் பரவிவிட்டது. ஆறு மாதமாகப் பெம்ப்ரோலிசுமாப் ஏற்றியும் கட்டிகள் வளர்கின்றன. 'உடம்பின் உள்ளார்ந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்டுக் கூடவே கதிர்வீச்சும் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத தோல் புற்றுநோயும் கரைகிறது' என்று ஒரு செய்தி படித்தேன். உண்மையா? சித்தப்பாவுக்குச் செய்ய முடியுமா?"

முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எலிகளில் உண்மை. மனிதர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்திருக்கிறது. வழக்கமான சிகிச்சை என்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் இது வெறும் பரபரப்புச் செய்தி இல்லை, பின்னால் உறுதியான அறிவியல் இருக்கிறது. நான் கதிர்வீச்சுத் துறையில் இருப்பவன் என்பதால் எனக்கு இந்த யோசனை மேல் கொஞ்சம் பாசம் அதிகம். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

சித்தப்பாவுக்குக் கொடுத்த மருந்து புற்றுநோயை நேரடியாகக் கொல்வதில்லை. வேட்டையாடும் வேலை உடம்பின் எதிர்ப்புப் படையில் இருக்கும் டி செல்களுடையது. அவற்றின் மேல் பி.டி.-1 என்று ஒரு பிரேக் உண்டு. கட்டி அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றாலும் அது மெலனோமாவின் கதையையே மாற்றிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பரவிய மெலனோமா என்றால் பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் பேசுவோம். பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளான நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று செக்மேட் 067 ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. மீதிப் பாதிப் பேரைப் பற்றித்தான் உங்கள் கேள்வி.

பிரேக்கை விடுவித்தால் வண்டி ஓடும்; ஆனால் வண்டி முதலில் அங்கே நிற்க வேண்டுமே. பல கட்டிகளுக்குள் டி செல்லே வந்திருக்காது. வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணுப் பிழைகள் ஏராளம். ஒவ்வொரு பிழையும் 'நான் அந்நியன்' என்று கட்டியைக் காட்டிக்கொடுக்கும். உள்ளங்கால், நகக்கண் போன்ற இடங்களில் வருவது வெயிலால் வருவது இல்லை. அதில் பிழைகள் குறைவு, காட்டிக்கொடுக்கும் அடையாளங்களும் குறைவு, எனவே இந்த மருந்துகளுக்கு அது பொதுவாகவே மந்தமாகத்தான் பதில் சொல்லும். கறுப்பு, மாநிறத் தோல்காரர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் பெரும்பாலும் இந்த ரகம்தான். பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இதே ரக மெலனோமாவால். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால் 'எங்கேயோ இடித்துக்கொண்டேன்' என்று விட்டுவிட வேண்டாம். இது சித்தப்பாவுக்கு இல்லை, படிக்கிற மற்றவர்களுக்கு.

இன்னொரு வகை எதிர்ப்பு இன்னும் தந்திரமானது. ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளே தயாராகும் புரதங்களின் மாதிரித் துணுக்குகளை ஒரு தட்டில் வைத்து வாசலில் காட்டும். டி செல் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காணும். எம்.எச்.சி. என்பது அந்தத் தட்டின் பெயர். முதலில் நன்றாகக் கேட்டுவிட்டுப் பிறகு மருந்துக்கு மசியாமல் போன 4 மெலனோமா நோயாளிகளின் கட்டிகளை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது. ஒருவரின் கட்டியில் தட்டைத் தாங்கிப் பிடிக்கும் புரதத்தின் மரபணுவே கெட்டிருந்தது. இருவரின் கட்டிகளில் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் செய்தியை வாங்கும் காது போயிருந்தது. தட்டே இல்லை என்றால் டி செல்லுக்கு அந்த வீடே கண்ணில் படாது. எத்தனை பிரேக்கை விடுவித்து என்ன?

சரி, இங்கேதான் உள்ளார்ந்த எதிர்ப்பாற்றல் வருகிறது. டி செல் படித்துப் பட்டம் வாங்கி வேலைக்கு வருகிற ஆள். குறிப்பிட்ட எதிரியை அறிந்துகொள்ள அதற்கு நாளாகும். உள்ளார்ந்த பிரிவோ பிறக்கும்போதே கூட வந்தது: மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில், என்.கே. செல், டென்ட்ரிடிக் செல். எதிரியின் பெயரெல்லாம் இவற்றுக்குத் தெரியாது. 'இங்கே பாக்டீரியாவின் தோல் கிடக்கிறது', 'இங்கே இருக்கக் கூடாத இடத்தில் டி.என்.ஏ. கிடக்கிறது' என்ற மாதிரிப் பொதுவான அபாயக் குறிகள் மட்டும் தெரியும். குறி தெரிந்ததும் கத்தும், தாக்கும். இவற்றில் டென்ட்ரிடிக் செல் கூடுதலாக ஒரு வேலை செய்யும்: சம்பவ இடத்தில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய் டி செல்களுக்குப் பாடம் நடத்தும். என்.கே. செல்லிடம் வேறொரு குணம். அது தட்டைக் காட்டுகிறவனை விட்டுவிடும். தட்டையே காட்டாதவன் மேல்தான் சந்தேகப்படும். ஸ்வீடனின் கிளாஸ் காரே 1986-இல் எலிகளில் காட்டியது இதைத்தான். டி செல்லிடமிருந்து தப்பிக்கத் தட்டை ஒளிக்கிற கட்டி, அதனாலேயே என்.கே. செல்லிடம் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே 'எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது' என்பதற்கும் கொரோனா காலத்திலிருந்து நாம் கேட்டுக்கொண்டிருக்கும் 'இம்யூனிட்டி பூஸ்டர்' சமாசாரத்துக்கும் தொடர்பே இல்லை. கஷாயம், பொடி, வைட்டமின் எதுவும் நுரையீரலில் இருக்கும் கட்டிக்குள் போய் இந்த அலாரத்தை அடிக்காது. அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அலாரத்தை வேண்டுமென்றே அடித்துப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி. கடும் தோல் தொற்று வந்த ஒரு நோயாளியின் சார்கோமா கரைந்துபோன பழைய கதையைக் கேட்டு, 1891-இல் அவர் புற்றுநோயாளிக்கு உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியையே ஊசியாகப் போட்டார். பிறகு செத்த கிருமிகளின் கலவைக்கு மாறினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று அவராலேயே விளக்க முடியவில்லை. அவர் வேலை பார்த்த மெமோரியல் மருத்துவமனையில் ஜேம்ஸ் யூயிங் இருந்தார், எலும்புப் புற்றுநோய் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்தவர். யூயிங் முழுக்க ரேடியம் கட்சி. கோலியின் ஊசியை அவர் மதிக்கவே இல்லை. கதிர்வீச்சு ஜெயித்தது, கோலியின் ஊசி மறைந்தது. கிருமியின் துணுக்கை நம் செல்கள் எப்படி முகர்ந்து அறிகின்றன என்பது 1990-களில்தான் பிடிபட்டது. டோல் என்ற அந்த உணர்விகளுக்காக ஜூல்ஸ் ஹாஃப்மனும் புரூஸ் பாய்ட்லரும் 2011-இல் நோபல் பெற்றார்கள். டென்ட்ரிடிக் செல்லைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டெயின்மனுக்கும் அதே ஆண்டில் அதே பரிசு. ஆக, ஒரே மருத்துவமனையில் முட்டிக்கொண்ட இரண்டு கட்சிகளை இப்போது ஒன்றாக உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் படித்த செய்தியின் சாரம் அதுதான்.

கதிர்வீச்சுக்கு இதில் என்ன வேலை? நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறார்கள்' என்றால் கட்டியைச் சுட்டுக் கருக்குவதாக ஒரு படம் மனதில் வரும். உண்மையில் அது செல்லின் டி.என்.ஏ.-வை உடைக்கிறது. உடைந்த செல் பிரிய முயலும்போது டி.என்.ஏ. துண்டுகள் உட்கருவுக்கு வெளியே சிதறும். வீட்டுப் பத்திரம் பீரோவுக்குள் இருக்க வேண்டியது. நடுத்தெருவில் கிடந்தால் பார்க்கிறவனுக்கு ஏதோ விபரீதம் என்று தெரியும். செல்லுக்குள் அப்படிப் பார்க்கிறவன் சீகாஸ் என்ற புரதம். டெக்சாஸில் ஸிஜியன் சென் குழு அதைக் கண்டுபிடித்து வெளியிட்டது 2012-இன் கடைசியில். சீகாஸ் சத்தம் போட்டால் ஸ்டிங் என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொண்டு இன்டர்ஃபெரானைச் சுரக்க வைக்கும். உடம்பு அதை வைரஸ் தாக்குதல் என்றே எடுத்துக்கொண்டு டென்ட்ரிடிக் செல்களை ஓடி வரச் செய்யும். ஸ்டிங் இல்லாத எலிகளில் கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் இந்த எதிர்ப்புப் பெருமளவு வராமல் போகிறது என்று 2014-இல் சிகாகோ குழு காட்டியது. கூடவே, கதிர்வீச்சு பட்ட செல்கள் என்.கே. செல்லின் கண்ணில் படும் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்கிற குறிகளையும் மேலே நீட்டும்.

அளவு இங்கே முக்கியம், கூடக் கூட நல்லது என்ற கணக்கு செல்லாது. கதிர்வீச்சை கிரே என்ற அலகில் அளப்போம். ஒரே தடவையில் 20 கிரே கொடுத்த எலிகளைவிட 8 கிரே வீதம் மூன்று தடவை கொடுத்த எலிகளில் எதிர்ப்பு நன்றாக எழுந்தது என்று நியூயார்க்கின் சாண்ட்ரா டெமாரியா, சில்வியா ஃபார்மென்டி குழு 2017-இல் விளக்கியது. அளவு மிகவும் ஏறினால் டிரெக்ஸ்1 என்ற துப்புரவு நொதி சுரந்து, தெருவில் கிடக்கும் பத்திரங்களை யாரும் பார்ப்பதற்கு முன்பே பெருக்கித் தள்ளிவிடுகிறது. அலாரம் அடிப்பதற்குள் தடயம் காலி.

கதிர்வீச்சு மட்டும் போதாதா? சில சமயம் போதும் போலத் தோன்றும். ஓரிடத்தில் கரண்ட் வைத்தால் வேறிடத்துக் கட்டியும் சுருங்கும் அபூர்வத்துக்கு 1953-இலேயே ஆர்.எச். மோல் 'அப்ஸ்கோபல்' என்று பெயர் வைத்தார். 2012-இல் வெளியான ஒரு மெலனோமா நோயாளியின் கதை எங்கள் துறையையே உலுக்கியது: இபிலிமுமாப் எடுத்தும் நோய் வளர்ந்துகொண்டிருந்தவருக்கு வலிக்காக முதுகெலும்பருகில் இருந்த கட்டிக்கு மட்டும் 9.5 கிரே வீதம் மூன்று தடவை கொடுத்தார்கள். கதிர்வீச்சு படாத மண்ணீரல் கட்டிகளும் நுரையீரல் பக்கத்து நிணநீர்க் கணுக்களும் சுருங்கின. அதற்குப் பிறகு எல்லோரும் அதைத் திரும்ப வரவழைக்கக் கிளம்பினோம். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகள் கைகொடுக்கவில்லை. மெர்க்கல் செல் என்ற இன்னொரு கொடிய தோல் புற்றுநோயில் நிவோலுமாப், இபிலிமுமாப் ஜோடியுடன் 8 கிரே மூன்று தடவை சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயில் அதற்கு முந்தைய ஆண்டே அதே ஏமாற்றம்.

ஏன்? கதிர்வீச்சு அலாரத்தையும் அடிக்கிறது, அலாரத்தை அணைக்கிற ஆட்களையும் அழைத்து வருகிறது. காயம் ஆற்ற வரும் மேக்ரோஃபேஜ்கள், டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற அடக்கும் புரதம், சண்டையை நிறுத்தும் ஒழுங்குமுறை டி செல்கள் எல்லாம் அதே கட்டிக்குள் குவிகின்றன. தவிர, பிரேக் மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்தாலும் கடைசியில் கொல்ல வேண்டியது டி செல்தானே. தட்டு இல்லாத கட்டியில் அது என்ன செய்யும்? என் கணிப்பு, நாம் இத்தனை நாள் ஒரே படையை நம்பிச் சோதனை நடத்தினோம் என்பது.

அதனால்தான் மூன்றாவது பங்காளி. கதிர்வீச்சு பட்ட கட்டிக்குள்ளேயே உள்ளார்ந்த பிரிவைத் தூண்டும் மருந்தை ஊசியாகப் போடுவது. பாக்டீரியாவின் டி.என்.ஏ. போல நடிக்கும் சிபிஜி துணுக்குகள் டோல்-9 உணர்வியைத் தூண்டும். சிடி40 என்ற பொத்தானை அழுத்தும் எதிர்ப்பொருள் டென்ட்ரிடிக் செல்லையும் மேக்ரோஃபேஜையும் முடுக்கும். மருக்களுக்குத் தோல் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இமிகிமாட் களிம்புகூட இந்த இனம்தான், அது டோல்-7. நிணநீர்ப் புற்றுநோயில் ரொனால்ட் லெவியின் ஸ்டான்ஃபோர்டு குழு 2010-இலேயே ஒரே கட்டிக்கு 2 கிரே வீதம் இரண்டு தடவை மட்டும் கொடுத்து, அதற்குள் சிபிஜி ஊசியும் போட்டு, சில நோயாளிகளுக்குத் தொலைவில் இருந்த கட்டிகளும் சுருங்கியதைக் காட்டியது. கட்டியையே தடுப்பூசியாக மாற்றுவது என்று இதைச் சொல்கிறார்கள்.

மெலனோமாவில் இதை விடாமல் துரத்துகிறவர்கள் அமெரிக்காவின் மேடிசனில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸக்கரி மோரிஸ், பால் சோண்டல் குழுவினர். எலியின் மெலனோமாவுக்கு ஒரு தடவை 12 கிரே, சில நாள் கழித்து எதிர்ப்பு செல்களை முடுக்கும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் ஒட்டிய எதிர்ப்பொருளை அதே கட்டிக்குள் ஊசியாக. இந்த எதிர்ப்பொருள் கட்டி செல்களின் மேல் இருக்கும் ஜிடி2 என்ற மேற்பூச்சைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனையால் என்.கே. செல் போன்றவற்றை இழுக்கும்; தட்டைப் பற்றிக் கவலையே இல்லை. 2016-இல் அவர்கள் வெளியிட்டதில் பெரும்பாலான எலிகளின் கட்டிகள் முழுதாக மறைந்தன. டி செல் நினைவும் உருவாகியிருந்தது. மறுபடி அதே புற்றுநோயை ஊசியில் போட்டாலும் பெரும்பாலும் பிடிக்கவில்லை. அப்புறம் சிபிஜியையும் சிடி40 மருந்தையும் சேர்த்து, எம்.எச்.சி. மிகக் குறைந்த நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றுநோய் உள்ள எலிகளிலும் கட்டியைக் கரைத்தார்கள்.

ஆனால் அவர்களே இன்னொன்றையும் கண்டார்கள், உங்கள் சித்தப்பாவுக்கு அதுதான் நேரடியாகப் பொருந்தும். எலிக்கு இரண்டாவது கட்டி ஒன்று இருந்து அதற்குக் கதிர்வீச்சு படாமல் விட்டால், அது ஒழுங்குமுறை டி செல்களை அனுப்பி முதல் கட்டியில் நடக்கும் சிகிச்சையையும் கெடுக்கிறது. இரண்டுக்கும் கதிர்வீச்சு கொடுத்தால் பலன் திரும்புகிறது. ஐந்தாறு இடத்தில் கட்டி இருக்கும் மனிதருக்கு எல்லா இடத்திலும் பெரிய அளவில் கொடுக்க முடியுமா? அதனால் கட்டிகளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ரத்தத்தில் ஏற்றி, எல்லாக் கட்டிக்கும் லேசாகக் கதிர்வீச்சு படவைக்கும் வழியை 2021-இல் எலிகளில் காட்டினார்கள். எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இந்தப் பாதைதான்.

எலியில் காட்டினார்கள் என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? ஆராய்ச்சிக்கூட எலியின் கட்டி தோலடியில் நட்டுச் சில வாரமே ஆனது; சித்தப்பாவின் கட்டி பல ஆண்டு எதிர்ப்பாற்றலோடு ஒளிந்து விளையாடிப் பழகியது. டி.எம்.எக்ஸ்.ஏ.ஏ. என்ற மருந்தின் கதை தெரியுமா? எலிக் கட்டிகளை அற்புதமாகக் கரைத்தது. நுரையீரல் புற்றுநோயில் மூன்றாம் கட்டச் சோதனை வரை போய்த் தோற்றது. பிறகுதான் காரணம் தெரிந்தது: அது எலியின் ஸ்டிங்கை மட்டும் தூண்டும், மனித ஸ்டிங்கில் ஒட்டவே ஒட்டாது. பி.டி.-1 மருந்துக்கு மசியாத மெலனோமாவில் டில்சோடோலிமாட் என்ற டோல்-9 ஊசியை இபிலிமுமாப்புடன் சேர்த்த மூன்றாம் கட்டச் சோதனையும் 2021-இல் தோல்வி. ஊசி சேர்த்தும் சேர்க்காமலும் ஏறக்குறைய ஒரே பலன். அந்தச் சோதனையில் கதிர்வீச்சு இல்லை, அதனால் கதவு மூடிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கதவு திறந்தே இருக்கிறது என்று யாராவது உங்களிடம் விற்க வந்தாலும் நம்பாதீர்கள்.

இனி சித்தப்பா விஷயம். பெம்ப்ரோலிசுமாப் தோற்றபின் இபிலிமுமாப்பும் நிவோலுமாப்பும் சேர்த்துக் கொடுத்ததில் 28 சதவீதம் பேருக்கும், இபிலிமுமாப் மட்டும் கொடுத்ததில் 9 சதவீதம் பேருக்கும் கட்டி சுருங்கியது என்று ஓர் அமெரிக்கச் சோதனை சொல்கிறது. விலை அதிகம், பக்கவிளைவும் அதிகம். ஆனாலும் கையில் இருப்பவற்றில் ஆதாரமுள்ள அடுத்த படி அதுதான், முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள். பிராஃப், கிட் மரபணுச் சோதனைகள் ஆகிவிட்டனவா என்றும் கேளுங்கள். உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃப் மாற்றம் குறைவு. இருந்தால் மாத்திரை வழி ஒன்று கிடைக்கும்.

இடுப்பு எலும்பில் வலி இருந்தால் கரண்ட் வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். மெலனோமா கதிர்வீச்சுக்குக் கேட்காது என்று ஒரு பழைய பேச்சு உண்டு. வலியைக் குறைக்கும் அளவுக்குப் பெரும்பாலும் கேட்கும். அதை வலிக்காகச் செய்யுங்கள். தொலைவில் இருக்கும் கட்டியும் சுருங்கினால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையே நம்பி மற்ற சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பி.டி.-1 மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்து போவதில் பொதுவாகப் பெரிய ஆபத்து இல்லை. நுரையீரலுக்குக் கொடுத்தால் மட்டும் மூச்சுத்திணறல், வறட்டு இருமலை உடனே சொல்ல வேண்டும். பிராஃப் மாத்திரையில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பல நாள் கதிர்வீச்சு என்றால் முன்னும் பின்னும் குறைந்தது மூன்று நாளாவது மாத்திரையை நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் தோல் மோசமாக வெந்துபோகலாம். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாம் எழுப்பப் பார்க்கிற எதிர்ப்பாற்றலைத் தூங்க வைக்கிற மருந்து அது. மூளை வீக்கம் போன்ற காரணத்துக்குத் தவிர்க்க முடியாமலும் கொடுத்திருப்பார்கள், அதனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் கேட்ட மூன்று பங்காளிக் கூட்டணி வேண்டுமென்றால் மருத்துவச் சோதனை ஒன்றில் சேர்வதுதான் வழி. இந்தியாவில் நடக்கும் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். 'சோதனைச் சிகிச்சை' என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் இடத்தில் பதிவு எண்ணை முதலில் கேளுங்கள்.

சோதனைக்கோ இன்னொரு மருத்துவரின் கருத்துக்கோ போனால் அவர்கள் முதலில் கேட்பது கட்டியின் பிளாக்கைத்தான், அதாவது பயாப்ஸி எடுத்து மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டு. காலில் முதலில் எடுத்ததும் இருக்கும். நுரையீரலிலிருந்து பிறகு எடுத்திருந்தால் அதுவும் இருக்கும். ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், பயாப்ஸி பார்த்த லேபில் எழுதிக் கொடுத்து இரண்டையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.